இரண்டாம் வால்வு வரை வந்த சத்தம்

ஜூன் 2, திங்கள்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஜனவரியில் கொடுத்த டைரி. இதுவரை இதில் இருப்பவை இரண்டே குறிப்புகள்: கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, என் ரத்தக் கொதிப்பு. இன்று மூன்றாவதாக நானே வந்து உட்கார்ந்திருக்கிறேன். முப்பது வருஷம் மைக் பிடித்தவனுக்கு வீட்டில் பேச ஆளில்லை என்றால் வாய் துருப்பிடித்துவிடும்.

நான் பிரகாசம், பொன்மலை, வயது ஐம்பத்து மூன்று. ‘வசந்தத் தூறல்’ மெல்லிசைக் குழுவில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வந்து ஜோக் சொல்கிறவன். நோட்டீஸில் ‘கலகல பிரகாசம்’ என்று பெயர் மட்டும் போடுவார்கள், படம் போடுவதில்லை. அதே குழுவில் கிட்டார் வாசிக்கிற என் மனைவி ஃபிலோமினாவுக்குப் படம் உண்டு. இரண்டு முகங்களையும் பார்த்தவர்கள் இதில் அநியாயம் எதுவும் இல்லை என்பார்கள்.

மினா திண்டுக்கல்லில் தம்பி வீட்டில் இருக்கிறாள். எதிர்வீட்டு அமலி அக்காவிடம், மாமியாருக்கு முழங்கால் வலி, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். பால்காரரிடம் இடுப்பு என்று சொல்லிவிட்டேன் போல. இன்று காலை இரண்டு பேரும் வாசலில் நின்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் மச்சினன் சேவியர் போன் செய்தான்.

“மச்சான், அக்காவுக்கு இங்க ஸ்கூல்ல மியூசிக் டீச்சர் வேல கெடச்சிருச்சு. இருவத்திரெண்டாம் தேதி ஞாயித்துக்கெழம வர்றோம். அப்பாவோட ஆம்ப எடுத்துக்கணுமாம். அதுக்குள்ள சரிபண்ணி வைக்க முடியுமான்னு கேட்டா.”

“அவளே கேக்கலாமே.”

“நீங்க ஏதாவது ஜோக் அடிச்சிருவீங்கன்னு பயப்படுறா.”

சரிபண்ணிவிடலாம் என்றேன். என் கணக்கு இதுதான்: ஆம்ப் பாடினால் மினா கேட்பாள். கேட்டால் உட்காருவாள். உட்கார்ந்தால் காபி. காபி வரைக்கும் வந்துவிட்டால் மிச்சத்தை நான் பேசியே சமாளித்துவிடுவேன். இருபது நாள் இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

ஆம்ப் கதை. என் மாமனார் சின்னப்பன் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மகள் கிட்டார் கற்றுக்கொண்டதும், மூடிப்போன ஒரு டூரிங் டாக்கீஸின் சாமான்களை வாங்கி வந்து, கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்குகிற இந்த வால்வு ஆம்பைத் தானே கட்டிக்கொடுத்தார். தேக்குப் பெட்டி. வரைபடம் எதுவும் கிடையாது. எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது, தலை கல்லறைக்குள் இருக்கிறது.

வால்வுகள் எரிகின்றன. ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. நடுவில் எங்கேயோ சத்தம் செத்துப்போகிறது. ஏப்ரல் 26, மேலக்குறிச்சித் திருவிழா மேடையில் நாலாவது பாட்டுக்கு முன்னால் போனது. இருபத்தைந்து நிமிடம் நான்தான் கூட்டத்தைச் சமாளித்தேன். நன்றாகவே சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஐந்தாம் நாள் மினாவின் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தது.

ஜூன் 5, வியாழன்

சிங்காரத்தோப்புச் சந்தில் இஸ்மாயில் பாயின் உதிரிபாகக் கடை. பாயும் நானும் ஒரே பெஞ்சில் ஃபெயில் ஆனவர்கள். விஷயத்தைச் சொன்னதும் காகிதத்தில் படம் போட ஆரம்பித்துவிட்டார்.

“வரைபடம் இல்லன்னா ஒண்ணும் குடி முழுகிப்போகல. ஒரு குச்சி செஞ்சுக்க. ஆம்போட வாசல்ல ஒரு பாட்ட விட்டுக்கிட்டே இரு. குச்சிய சின்ன பாட்டரி ஸ்பீக்கர்ல மாட்டி, உள்ள ஒவ்வொரு எடமா தொட்டுக் கேளு. எது வரைக்கும் பாட்டு வருதோ அது வரைக்கும் நல்லா இருக்கு. எங்க நிக்குதோ அங்கதான் கோளாறு.”

“டாக்டர் நெஞ்சுல வச்சுப் பாக்குற மாதிரி.”

“அதேதான். ஆனா இந்த நெஞ்சுல முந்நூறு வோல்ட் ஓடும். அதத் தடுக்கத்தான் குச்சிக்குள்ள ஒரு கண்டன்சர்.” பாய் இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதற்குள் பக்கத்துக் கடைக்காரர் மகள் நிச்சயதார்த்தம் நின்றுபோன கதைக்குப் போய்விட்டேன். நல்ல கதை. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு முறை நிச்சயமாகியிருந்ததாம், அதுவும் அதே மண்டபத்தில்.

ஜூன் 7, சனி

குச்சி தயார். உடம்பு: மினா பாட்டு வரிசை எழுதுகிற சிவப்புப் பேனாவின் கூடு. முனை: கோணி தைக்கிற ஊசி. வயிற்றுக்குள் ஒரு கண்டன்சர், இரண்டு ரெசிஸ்டர். வாலில் மைக் வயர். அமலி அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “என்ன பிரகாசம், ஊசி போடவும் கத்துக்கிட்டியா” என்றார். மாமியார் முழங்காலுக்கு என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

குச்சி வெடித்துவிட்டது.

வெடி என்றால் ஓலைவெடி அளவுதான். முதல் வால்வின் தகட்டைத் தொட்டேன், பட் என்றது, பேனாவின் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. பாய்க்குப் போன் செய்தேன்.

“என்ன வோல்ட் கண்டன்சர் போட்ட?”

“வீட்டுல கெடந்துச்சு. அம்பது.”

“அறுநூத்தி முப்பது போடுன்னு மூணு தடவ சொன்னேனே.”

“எப்ப?”

“நீ நிச்சயதார்த்தம் சொல்லிட்டிருந்தப்ப.”

ஜூன் 10, செவ்வாய்

அறுநூற்று முப்பது வோல்ட் வந்துவிட்டது. கூடவே பாயின் புதிய கட்டளை ஒன்று: உள்ளே தொடும்போது வலது கை மட்டும்தான் வேலை செய்ய வேண்டும், இடது கை பாக்கெட்டில் இருக்க வேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்குமாம். எனக்கு மேடையில் வலது கையில் மைக், இடது கை ஜோக் முடிகிற இடத்தில் பக்கத்திலிருக்கும் ஆம்ப் பெட்டியை ‘டப்’பென்று தட்டும். தபலாக்காரருக்குச் சம்பளம் மிச்சம் என்பார் குழு நடத்துகிற வடிவேல் மாஸ்டர். “அப்பா பெட்டியத் தட்டாதீங்க” என்று மினா சொல்லாத கச்சேரி கிடையாது. அப்படிப்பட்ட கையைப் பாக்கெட்டில் வை என்றால்?

வீட்டில் நான் கட்டுவது கைலி. கைலியில் பாக்கெட் கிடையாது. எனவே ரிப்பேருக்கென்று பேண்ட் போட்டுக்கொண்டேன். பேண்ட் போட்டுவிட்டு வீட்டை விட்டு வெளியே வராத மனிதனைப் பற்றி அமலி அக்கா என்ன நினைத்திருப்பார் என்பதை நாளை பால்காரர் சொல்வார்.

ஜூன் 11, புதன்

வாசலில் விட ஒரு பாட்டு வேண்டுமே. போனைத் துழாவினேன். மேலக்குறிச்சியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆம்ப் உயிரோடு இருந்தபோது, மினா வாசித்துப் பார்த்ததை ஸ்டேட்டஸில் போடலாம் என்று பதிவு செய்திருந்தேன். நாற்பது விநாடி. எல்லா மேடையிலும் முதலில் அதைத்தான் வாசிப்பாள். பாட்டு என்று சொல்ல முடியாது, மாடிப்படி ஏறிப் பாதியில் நின்று, எதையோ மறந்துவிட்டது போல இரண்டு படி திரும்பி இறங்குகிற மாதிரி ஒன்று. அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

முதல் வால்வின் உள்வாயில்: மெல்லியதாக இருக்கிறாள்.
முதல் வால்வின் தகட்டில்: பக்கத்து அறையில் இருக்கிறாள்.

அங்கேயே கொஞ்ச நேரம் குச்சியை வைத்துக்கொண்டிருந்தேன். சோதனை முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ஒரு கரகரப்பு. கொசு தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி.

ஜூன் 12, வியாழன்

கரகரப்பு போகவில்லை. எர்த் வயரை மாற்றினேன்.

இன்று எங்கள் கல்யாண நாள். இருபத்து நான்கு. சேவியருக்குப் போன் செய்தேன், எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டேன், ஆயிற்று என்றான். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம். பாத்திரத்தை இப்படிக் கவிழ்த்து வைக்கிறவர் அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது.

எழுதி வைக்கிறேன்: மேடையில் நான் சொன்னது பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்கலாம். அவள் மூக்கைப் பற்றி, அவள் வைக்கிற சாம்பாரைப் பற்றி, அவள் அப்பாவைப் பற்றி இருபத்து நான்கு வருஷமாகச் சொல்கிறேன், கூடவே சிரிப்பாள். இதை மட்டும் சொல்லக்கூடாது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சொல்லியிருப்பேனா?

ஜூன் 13, வெள்ளி

மைக் வயரை மாற்றினேன். கரகரப்பு அப்படியே. மற்றபடி முன்னேற்றம்: வால்யூம் திருகு வரை பாட்டு வருகிறது. இரண்டாம் வால்வின் உள்வாயில் வருகிறது. இரண்டாம் வால்வின் தகட்டில், கோயில் ஒலிபெருக்கி போல வருகிறது. அதை அடுத்த வால்வுக்குக் கொண்டுபோகிற கண்டன்சரின் மறுபக்கம் தொட்டால், ஒன்றுமில்லை.

கோளாறு கிடைத்துவிட்டது. கண்டன்சரின் ஒரு கால் ஈயப் பற்று விட்டு, வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பாயிடம் சொன்னேன்.

“அதுவா விடாது. யாராவது பெட்டியப் போட்டு டமால் டமால்னு அடிச்சிருக்கணும்.”

பழைய ஈயம் பாய், வயசாகிவிட்டது என்றேன்.

ஐந்து நிமிட வேலைதான். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. என்ன அவசரம்? முதலில் அந்தக் கரகரப்பைப் பிடிக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

கரகரப்பு ஆம்பில் இல்லை. குச்சியிலும் இல்லை. பதிவிலேயே இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் கேட்காத அளவுக்குச் சின்னது. வால்வு ஊதிப் பெரிதாக்குவதால் தெரிகிறது. பாட்டரி ஸ்பீக்கரைக் காதோடு வைத்து, சத்தத்தை முழுக்கத் திருகினேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று எதுவும் செய்யவில்லை. பூசைக்கும் போகவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

மாடிப்படி, பாதியில் நிற்கிறது, இரண்டு படி இறங்குகிறது. கிட்டார் கம்பிகளைக் கை வைத்து அடக்குகிற சத்தம். அப்புறம் தூரத்திலிருந்து மினா:

“ஏங்க... நேத்து சேவியர்கிட்ட சொல்லிச் சிரிச்சீங்களே, தொட்டில் கத. அத மேடையில சொல்லிராதீங்க. என் மூக்கச் சொல்லுங்க, எங்கப்பாவச் சொல்லுங்க. அது மட்டும் வேணாம். என்ன?”

பக்கத்தில், வாய்க்குள்ளேயே முனகுகிற ஒரு ஆண் குரல்: “ம்... ம்... சரி சரி.”

குரலுக்குச் சொந்தக்காரன் அப்போது போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டேட்டஸுக்கு நீளம் அதிகமாகிவிடுமே என்று யோசித்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தத் திரை ஞாபகம் இருக்கிறது. அவள் சொன்னது ஞாபகம் இல்லை, ஏனென்றால் அது எனக்குள் வரவே இல்லை.

தொட்டில் விஷயம். கல்யாணமான இரண்டாவது வருஷம் வாங்கிய மரத்தொட்டில். ஏழாம் மாதத்தில் அதற்கு வேலை இல்லாமல் போனது. அதற்குப் பிறகு வேலை வரவே இல்லை. விற்கலாம் என்று நான் இரண்டு முறை சொன்னேன். ஒரு நாள் பார்த்தால், பழைய சேலையை மெத்தையாக மடித்துப் போட்டு, மினா தன் கிட்டாரை அதில் வைத்திருந்தாள். அவளும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மேலக்குறிச்சியில் ஆம்ப் போய் இருபது நிமிடம் ஆனபோது என் கையிருப்பு தீர்ந்துவிட்டது. மாஸ்டர் ‘இழு, இழு’ என்று கையைக் காட்டுகிறார். முன்வரிசையில் நாற்காலியை நகர்த்த ஆரம்பித்துவிட்டார்கள். சொன்னேன்: “எங்க வீட்டுலயும் ஒரு புள்ள இருக்குங்க. தொட்டில்லதான் தூங்கும். நான் தூக்குனா கத்தும், அவ மடியில போட்டா பாடும். கிட்டாருங்க. அதுக்கும் என் சாயல் இல்லன்னு எதிர்வீட்டுல பேசிக்கிறாங்க.” டப் என்று ஆம்ப் பெட்டியில் ஒரு தட்டு.

இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். சத்தம் வராத கிட்டாரை மாட்டிக்கொண்டு எனக்கு நாலடி பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிக்கிற கூட்டத்துக்கு முதுகைக் காட்டக்கூடாது என்பது எங்கள் தொழில் பாடம்.

ஜூன் 12 அன்று எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூன் 19, வியாழன்

ஈயம் வைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டி பாடுகிறது.

ஒன்று மட்டும் நல்லதாகத் தோன்றுகிறது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. அவள் வேண்டாம் என்றது தெரிந்தே சொன்னேன் என்றுதானே போயிருக்கிறாள்? தெரியவே தெரியாது என்பதற்கு இப்போது சாட்சி கிடைத்திருக்கிறது. சொன்னால் புரிந்துகொள்வாள். கண்ணாடி முன்னால் நான்கு முறை சொல்லிப் பார்த்தேன். ஜோக் கலக்காமல் சொல்வது சிரமமாக இருக்கிறது, மூன்றாவது தடவை வந்துவிட்டது.

ஜூன் 21, சனி

வீடு கூட்டினேன். காபித்தூள் புதிதாக அரைத்து வாங்கினேன். அமலி அக்கா, “முழங்கால் சரியாயிருச்சா” என்றார். நாளை தெரியும் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தார்கள். சின்ன லோடு வண்டி. மினா செருப்பை வாசலில் கழற்றினாள். எப்போதும் உள்ளே கொண்டுவந்து ஸ்டாண்டில் வைக்கிறவள்.

உட்காரவில்லை. கையோடு கொண்டுவந்த கிட்டாரை மாட்டி, ஆம்பைப் போட்டு, வால்வு சூடாகும்வரை காத்திருந்து, அந்த மாடிப்படியை வாசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. அவள் அப்பாவின் பெட்டி அறை முழுக்க நின்றது. சேவியர், “என்ன மச்சான், பெட்டி பேசுது, நீங்க பேச மாட்டேங்குறீங்க” என்றான். நான் காபி போட எழுந்தேன்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றாள் மினா. இரண்டு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

குச்சியைக் காட்டினேன். “என் பேனா,” என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. சேவியர் நாசூக்கானவன், வண்டிக்காரரைப் பார்த்துவிட்டு வருவதாக வெளியே போனான்.

நான் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். “நீ வாசிச்சத போன்ல வச்சிருந்தேன். அத விட்டுத்தான் தேடுனேன். கடைசியில நீ பேசுனது இருந்துச்சு. தொட்டில் வேணாம்னு. அன்னிக்கு எனக்கு அது கேக்கல மினா. சத்தியமாக் காதுல விழல. போன சனிக்கெழமதான் கேட்டேன்.”

“சரி சரின்னு சொன்னீங்க.”

“வாய்தான் சொல்லுச்சு.”

அவள் கிட்டாரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் உட்கார்ந்தாள்.

“ரெண்டு மாசமா நான் என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா? கேட்டீங்க, ஞாபகமும் இருந்துச்சு. ஆனா கூட்டம் எந்திரிக்குது, மாஸ்டர் கையக் காட்டுறாரு, வேற வழியில்லாம, மனசக் கல்லாக்கிக்கிட்டுச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன். சொல்லும்போது ஒங்களுக்கும் வலிச்சிருக்கும்னு. அத மன்னிக்கலாமா வேணாமான்னுதான் தெனமும் யோசிச்சேன். வர்ற வழியிலகூட.”

நான் நின்றுகொண்டிருந்தேன்.

“கேக்கவே இல்லையா,” என்றாள். கோபமில்லை. வால்வில் எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு ஆம்பை அணைத்தாள்.

தொட்டிலில் இருந்த பழைய சேலையை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்தாள். காபி அடுப்பிலேயே இருந்தது.

பெட்டியை நானும் சேவியரும் தூக்கி வண்டியில் ஏற்றினோம். ஏற்கெனவே ஒரு சூட்கேஸ் இருந்தது, பழுப்பு நிறம், மே மாதம் அவள் கொண்டுபோனது. துணி நிறைந்து, பெல்ட் போட்டுக் கட்டியிருந்தது. அதை ஓரமாகத் தள்ளினால்தான் ஆம்புக்கு இடம் வந்தது. ஆம்ப் எடுக்க வருகிறவள் துணிகளையெல்லாம் எதற்கு ஏற்றிக்கொண்டு வந்தாள் என்று நான் சேவியரிடம் கேட்கவில்லை. அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெல்ட்டை இழுத்து ஒரு முறை சரிபார்த்துவிட்டு வண்டியில் ஏறினான்.

ஜூன் 23, திங்கள்

சிலிண்டர் மாற்றினேன்.

ஜூன் 29, ஞாயிறு

துவாக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. புது கிட்டார்க்காரர், புது ஆம்ப். மூன்றாவது பாட்டில் மாஸ்டரின் கீபோர்டு நின்றுவிட்டது. ‘இழு’ என்று கையைக் காட்டினார்.

மைக்கைப் பிடித்தேன். “கொஞ்சம் பொறுத்துக்குங்க. சரிபண்ணிட்டிருக்காங்க,” என்றேன். வேறெதுவும் வரவில்லை. பந்தலில் பேச்சுச் சத்தம் ஏறியது. பின்னாலிருந்து ஒருவர், “அண்ணே, சும்மா நிக்கிறதுக்கு வீட்டுக்கார அம்மாவப் பத்தியாவது ஏதாவது சொல்லுண்ணே” என்றார். நாலைந்து பேர் முன்கூட்டியே சிரித்தார்கள்.

இடது கை தானாகவே பக்கத்து ஆம்ப் பெட்டியை நோக்கிப் போனது. பாதியில் பிடித்து, பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். கீபோர்டு வரும்வரை அப்படியே நின்றேன். ஆறு நிமிடம்.